முப்பத்திரண்டு ஊர், ஒரே மூச்சு

மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர்களிடம் போய் "மூச்சு வாங்குதா?" என்று கேட்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டு மாடி ஏறி வந்தவரும் ஆட்டுவார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரும் ஆட்டுவார், இன்னும் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரப் போகிறவரும் ஆட்டுவார். அவசரப் பிரிவின் வாசல் மேஜையில் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கும் நர்ஸ் நான். என் கேள்வி வேறு. "எப்படி வந்தீங்க? யாரு கூட்டிட்டு வந்தாங்க? வழியில என்ன ஆச்சு? சொல்லுங்க கேப்போம்." பஸ்ஸில் வந்தாரா, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் வந்தாரா என்பது எனக்கு எதற்கு? அவர் சொல்லச் சொல்ல, மேஜைக்கு அடியில் என் விரல்கள் எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எத்தனை வார்த்தை வருகிறது?

முழு வாக்கியம் வந்தால் பெஞ்சில் உட்காரலாம். ஐந்தாறு வார்த்தைக்கு ஒருமுறை நின்றால் உள்ளே கட்டில். இரண்டு வார்த்தைதான் என்றால் நானே எழுந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவேன். ஒற்றை வார்த்தை என்றால் நான் போடும் கூச்சலில் டாக்டர்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். எங்கள் படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. 'பேச்சு' என்று போட்டிருக்கும். மற்றவர்கள் அதைக் கண்டபடி நிரப்புவார்கள். மூச்சை எண்ணாமலே 'இருபது' என்று எழுதி வைக்கிற ஆட்களும் உண்டு. அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுவேன், வார்த்தைகளையும் எண்ணுவேன். விரலில் மாட்டுகிற கருவி குளிர்ந்த விரலில் பொய் சொல்லும், பேச்சு பொய் சொல்லாது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன்.

அப்படிப் பெருமையடித்துக்கொண்டவர்களில் முதல் ஆள் என் அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவன் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துகிற குமிழ் இல்லாத ரேடியோ. அந்த வாயைக் கொண்டுபோய் பஸ் நிலையத்து மைக்கில் மாட்டிவிட்டார்கள், முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்வதுதான் வேலை. அவன் அதோடு விடுவானா? "ஏழாம் மேடையில வண்டி கிளம்பப் போகுது. ஓடாதீங்க, ஓட்டுநர் இன்னும் டீ குடிச்சு முடிக்கல. விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டா என் தங்கச்சி கிட்டதான் போகணும், அவ ஊசி போட்டா நாலு நாள் வலிக்கும்." இப்படி. மேலதிகாரிகள் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், வாயில் திட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சனங்களுக்கு அவனைப் பிடித்திருந்தது.

என்னுடைய எண்ணும் வித்தையை அவனிடம் சொன்ன அன்று அவனுக்கு ஒரே குஷி. "அப்ப என்னை எண்ணு பாப்போம்" என்று எழுந்து நின்று, வடக்குப் பக்கம் போகிற நெடுந்தூர வண்டி நிற்கிற ஊர்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்தான். முப்பத்திரண்டு ஊர். ஒரே மூச்சு. முடித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, "என்னை எங்க உக்கார வெப்ப சின்னவளே?" என்றான்.

"உன்னை வாசலுக்கு வெளியே உக்கார வெப்பேன். உள்ள விட்டா நோயாளிக்கெல்லாம் தலைவலி வந்துடும்."

தினமும் நாலு மணிக்கு அவனுடைய ஷிப்ட் முடியும். எனக்கு அது டீ நேரம். அறிவிப்பு அறையிலிருந்தே எனக்குப் போன் போடுவான். நான் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, டீயும் குடித்து, மீதியிருக்கும் படிவங்களையும் எழுதி முடிப்பேன். நடுநடுவே "ம்" என்றால் போதும். இருபது நிமிஷம் பேசுவான். மேடையில் தொலைந்துபோன குழந்தை, வண்டி மாறி ஏறிய கிழவர், அண்ணி அவன் சட்டையில் தைத்துவிட்ட தப்பான நிறப் பொத்தான். "கேக்கறியா?" என்பான். "ம்" என்பேன். பாதி நாள் கேட்டதில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் என் இருபத்தைந்து வருஷத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தேநீர் விருந்து வைத்தார்கள். மாடி அறையில் நாற்காலி போட்டு, கேக் வெட்டி, பெரிய டாக்டர் இரண்டு வார்த்தை பேசினார். குடும்பத்தில் யாராவது பேசலாம் என்று மைக்கை நீட்டினார்கள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். ரேடியோவிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு ஜாடை காட்டி என்ன பிரயோஜனம்? தொடங்கிவிட்டான். நான் எட்டு வயது வரை படுக்கையை நனைத்தது, ஊசி போட வந்த கம்பவுண்டரின் கையைக் கடித்தது, அதே நான் இன்றைக்கு ஊருக்கே ஊசி போடுவது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள், நான் திட்டித் திருத்தியவர்கள் எல்லோரும். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. பக்கத்தில் போய் அவன் முழங்கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும், வாயை மூடுண்ணே. உன் பேச்சால வாழ்க்கை பூரா அவமானப்பட்டாச்சு" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் அவன் கையில் இருந்தது. அறை முழுக்கக் கேட்டது.

சிரிப்பு நின்றது. அண்ணன் மைக்கைப் பார்த்தான். பிறகு அதன் பொத்தானை அழுத்தி அணைத்து, மேஜையில் பதமாக வைத்தான். கேக்கில் ஒரு துண்டு தின்றான். அண்ணியை அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். மறுநாள் நாலு மணிக்குப் போன் வருமோ வராதோ என்று இருந்தேன். வந்தது.

"டீ குடிச்சியா?" என்றான்.

"குடிச்சேன்."

"சரி. வெச்சுடறேன்."

அவ்வளவுதான். கோபம் என்று நினைத்தேன். நினைக்காமல் எப்படி? அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். முதல் வாரம் வெயில் அதிகம், கூட்டம் அதிகம் என்று ஒரு பத்து வார்த்தை தேறும். அடுத்த வாரம் அதுவும் சுருங்கியது. "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. கையால் போனைப் பொத்திக்கொண்டானோ என்று தோன்றும்படி ஒரு அமைதி. அப்புறம், "நல்லா இருக்கா." நான் மேலே ஏதாவது கேட்டால், "ம்." மூன்றாவது வாரம் இரண்டு வார்த்தை, நாலாவது வாரம் முழுக்க "ம்" தான். இருபது நிமிஷப் பேச்சு அரை நிமிஷத்துக்கு வந்துவிட்டது.

என்ன வீம்பு பார் என்று எனக்குள்ளே பொருமினேன். வாயை மூடச் சொன்னேன் அல்லவா, மூடிக் காட்டுகிறானாம். பேசாமல் இருந்தாலாவது பரவாயில்லை, போனைப் போட்டு, பேசாமல் இருந்து, தண்டிக்கிறான். மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வந்தது. ஆனால் அவன் முதலில் ஒழுங்காக நாலு வார்த்தை பேசட்டும், அப்புறம் கேட்கலாம் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். அவன் வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. ரேடியோ தானாகப் பாட ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெஞ்சில் ஏழு பேர், நான் ஒருவருடைய படிவத்தை எழுதிக்கொண்டிருந்தேன். காவலாளி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் மேஜையருகே நிறுத்தினார். முகத்தைப் பார்ப்பது என் வழக்கமில்லை. முகம் ஏமாற்றும். நான் நெஞ்சைப் பார்ப்பேன், கழுத்தைப் பார்ப்பேன், பிறகு காலைப் பார்ப்பேன். பஸ் நிலையத்து நீலச் சட்டை. அதைப் போட்டவர்கள் மாதத்துக்குப் பத்துப் பேராவது எங்களிடம் வருவார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் முழங்கால் மேல் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டிருந்தார். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள பள்ளம் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து வந்தது. காலில் அளவு பெரிய ரப்பர் செருப்பு. நான் குனிந்து கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

குனிந்த வாக்கிலேயே கேட்டேன். "எப்படி வந்தீங்க? யாரு கூட்டிட்டு வந்தாங்க? வழியில என்ன ஆச்சு? சொல்லுங்க கேப்போம்."

மேலேயிருந்து பதில் வந்தது. ஒரு வார்த்தை.

"எண்ணிக்கோ."

நிமிர்ந்தேன். ரேடியோ. உதடு நீலம் பாய்ந்து, முகம் பாதியாக வற்றி, நெற்றியெல்லாம் வியர்வை. அதிலும் ஒரு சிரிப்பு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. அவனுக்குப் பின்னால், வண்டிக்காரரை அனுப்பிவிட்டு, அண்ணி மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார்.

நான் கூச்சல் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. போட்டேன் என்கிறார்கள். நாற்காலியை நானே தள்ளினேன். உள்ளே கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். படுக்க வைத்தால் மூழ்கிவிடுவான் என்று எனக்குத் தெரியும். ஆக்சிஜன் எழுபத்தொன்பது. நாடி நூற்று முப்பது. மூச்சு ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். முப்பத்தெட்டு. டாக்டரம்மா வந்து முதுகில் குழாயை வைத்து, மேலிருந்து கீழ்வரை கேட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். நுரையீரல் இரண்டிலும் தண்ணீர். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கை இறுக்கிக் கட்டினோம். அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். அதை மாட்டிக்கொண்டு யாராலும் பேச முடியாது. ஊசி போனது. ஈ.சி.ஜி. எடுத்துக் காகிதத்தை நீட்டினார்கள்.

"எப்பவோ ஒரு அட்டாக் வந்து போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. "மூணு நாலு வாரம் இருக்கும். அவருக்கே தெரியாமகூட வந்திருக்கலாம். அதுலேருந்து இதயம் தள்ளாடிக்கிட்டே இருந்திருக்கு. கூட இருக்கறவங்க யாராவது சொல்லுங்க, எத்தனை நாளா மூச்சு இப்படி இருக்கு? பேச்சு எப்ப குறைய ஆரம்பிச்சுது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன்.

"நாலு வாரம் முன்னாடி வரைக்கும் முழு வாக்கியம் டாக்டர். எவ்வளவு வேணும்னாலும் பேசுவார். முதல் வாரம் ஒரு மூச்சுக்குப் பத்து வார்த்தை. அடுத்த வாரம் நாலஞ்சு. நடுவுல நிறுத்தி நிறுத்தி. மூணாவது வாரம் ரெண்டு. போன திங்கள்லேருந்து ஒத்தை வார்த்தை."

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நாள் தவறாமல், வாரம் தவறாமல், ஒரு நோயாளியின் வாயிலிருந்தும் இதுவரை கிடைக்காத அவ்வளவு துல்லியமான கணக்கு என்னிடம் இருந்தது. தினமும் நாலு மணிக்கு, என் காதிலேயே, என் மேஜையிலேயே, என் படிவங்களுக்கு மேலேயே அது கிடந்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "இவ்வளவு தெரிஞ்சும் ஏன் முன்னாடியே..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நடைபாதைக்கு வந்தேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றேன். அண்ணி பின்னாலேயே வந்தார். அண்ணி அதிகம் பேசாதவர். அந்த வீட்டில் பேச இடம் கிடைத்தால்தானே.

"நீ சொன்ன மாத்திரை கேக்கலையா கண்ணு?" என்றார்.

"எந்த மாத்திரை அண்ணி?"

"மூச்சு வாங்கறதை உன்கிட்ட சொல்லிட்டதாவும், நீ மாத்திரை சொன்னதாவும் சொன்னாரே. வாங்கியாந்து வெச்சிருக்காரே. வெள்ளையா, சின்னதா."

அண்ணியின் கைப்பையில் அந்த அட்டை இருந்தது. வாங்கிப் பார்த்தேன். வயிற்றெரிச்சலுக்குப் போடுகிற மாத்திரை. கடையில் யாரும் சீட்டில்லாமல் வாங்கலாம்.

"பதினஞ்சு நாளா படுக்கல. நாற்காலியிலயே உக்காந்து தூங்கறாரு. செருப்பு நுழையல, பெரிசா ஒண்ணு வாங்கிக்கிட்டாரு. நான் கேட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு. எதுக்குப் போகணும், ஆஸ்பத்திரிதான் தினமும் நாலு மணிக்கு என்கூடப் பேசுதேன்னாரு." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நானும் நம்பிட்டேன். வேற யாராவதுன்னா பயந்திருப்பேன். உன்கிட்ட தினம் பேசறாரேன்னு தைரியமா இருந்தேன்."

"என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே அண்ணி. என்மேல கோவம்னு நெனச்சேன். அன்னிக்கு வாயை மூடச் சொன்னேன் இல்ல?"

அண்ணி என்னை விநோதமாகப் பார்த்தார். "அதுவா? அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே. கம்பவுண்டரைக் கடிச்ச மாதிரியே என்னையும் கடிச்சுட்டா பாருன்னு. அப்புறம் படியேறும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. கேக் ஒத்துக்கலன்னாரு."

அன்று மாலையே. நான் வீட்டில் உட்கார்ந்து அவமானத்தை அசை போட்டுக்கொண்டிருந்த அதே நேரம்.

"பின்ன ஏன் அண்ணி என்கிட்ட மறைச்சான்?"

"இன்னும் எட்டு வாரம்தான் இருக்குன்னாரு ரிட்டயர் ஆக. மூச்சு போச்சுன்னு தெரிஞ்சா மைக்கை வாங்கிட்டு ஸ்டோர்ல உக்கார வெச்சுடுவாங்களாம். அங்க டயரை எண்ணணுமாம். கடைசி நாள் வரைக்கும் மைக்குல இருக்கணும், அப்புறம் எந்த ஆஸ்பத்திரியில வேணும்னாலும் போட்டுக்கோன்னாரு. ஒவ்வொரு ஊர் பேருக்கும் நடுவுல பட்டனை விட்டுடுவாராம், மூச்சு வாங்கற சத்தம் வெளிய போகாம இருக்க. உன்கிட்ட பேசறப்பவும் அப்படித்தான். லீவு நாள்ல வீட்லேருந்து போன் போடுவார் இல்ல, அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அசையாம உக்காந்திருப்பாரு. போனைக் கையால பொத்திப்பாரு. என்னாங்க இதுன்னா, அவ எண்ணுவா, ஒரு வார்த்தையா சொன்னா எண்ண முடியாதுன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ விளையாட்டுன்னு விட்டுட்டேன்."

என் வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். "ம்" என்கிற ஒன்றை மட்டும் எண்ண முடியாது என்று கண்டுபிடித்துவிட்டான். அதுவும் யாரிடமிருந்து கற்றுக்கொண்டான்? பதினைந்து வருஷமாக நாலு மணிக்கு அவனிடம் "ம்" போட்டுக்கொண்டிருந்தவள் நான். எனக்கு வந்த அழுகையை அண்ணியின் தோளில் வைத்து அழுதேன். என்னை வேலை பார்க்கிற இடத்தில் அப்படி யாரும் பார்த்ததில்லை. பார்க்கட்டும்.

மதியம் கொஞ்சம் தேறினான். ஆக்சிஜன் தொண்ணூறைத் தொட்டது. மூச்சு முப்பது. நான் சீருடையைக் கழற்றாமலே கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மாஸ்க்கின் பட்டை கன்னத்தில் அழுந்திச் சிவந்திருந்தது. அடியில் பஞ்சு வைத்தேன். டாக்டரம்மா இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. அது எதற்கு அறிகுறி என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அண்ணியைக் கூப்பிட்டு அவன் காலருகே உட்கார வைத்தேன்.

சுவரில் மணி நாலாக ஐந்து நிமிஷம்.

"நாலு மணி அண்ணே" என்றேன். "டீ குடிச்சுட்டேன். இன்னிக்கு நான் பேசறேன், நீ கேளு."

கண்ணைத் திறந்தான்.

பேசினேன். என் வாயில் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. விருந்தன்று அவன் போன பிறகு பெரிய டாக்டர் என்னிடம் வந்து, உங்க அண்ணனைத் தினமும் கூட்டிட்டு வாங்க, பாதி நோய் போயிடும் என்று சொன்னதைச் சொன்னேன். அதை அவனிடம் சொல்லக்கூடாது என்று நான் நாலு வாரம் வைத்திருந்ததையும் சொன்னேன். கம்பவுண்டர் கையைக் கடித்தது நிஜம்தான், ஆனால் படுக்கையை நனைத்தது எட்டு வயது வரை இல்லை, ஏழு வயது வரைதான் என்றேன். "ஊர் முன்னாடி உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கோண்ணே. கேக்கறியா?"

மாஸ்க்குக்குள்ளிருந்து, மெஷின் காற்றுக்கு நடுவே, ஒரு சத்தம் வந்தது.

"ம்."

"இன்னும் எட்டு வாரம் இருக்கு. நீ மைக்குல உக்காரணும். உனக்குப் பக்கத்துல நான் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன், நீ நிறுத்தற இடத்துல நான் ஊர் பேரைச் சொல்றேன். பாக்கறியா? எனக்கு எல்லாம் மனப்பாடம்."

வடக்கு வண்டியின் ஊர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரே மூச்சில். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாவது ஊரில் மூச்சும் முட்டியது, அடுத்தது என்னவென்று ஞாபகமும் வரவில்லை. விழித்தேன். அண்ணன் கண் சிரித்தது. ஊசி குத்தியிருந்த கை மெல்ல எழுந்து, மாஸ்க்கின் ஓரத்தைப் பிடித்து, தூக்கியது. உதடு அசைந்தது. திரையில் ஆக்சிஜன் விறுவிறுவென்று சரிந்தது.

"பேசாதண்ணே!" என்று மாஸ்க்கை அழுத்தி மூடினேன். பட்டையை இழுத்துக் கட்டினேன்.

வேறு என்ன செய்ய முடியும்? நர்ஸ் நான். அந்தக் கட்டிலில் வேறு யார் படுத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவன் சொல்ல வந்தது பன்னிரண்டாவது ஊரா, அல்லது வேறு ஏதாவதா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. ஒரு மாதத்தில் இரண்டாவது முறையாக அவன் வாயை நான் மூடினேன்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதல் ஊரிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஊருக்கும் "சரியா?" என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" வந்தது. ஆறாவது ஊருக்கு வந்தது. ஏழாவதுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. எட்டாவது ஊரை இரண்டு முறை சொன்னேன். அதற்குள் மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் ஓடி வந்தார்கள், என்னைப் பிடித்து நகர்த்தினார்கள். நான் நகர்ந்து நின்று எட்டாவது ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அண்ணி பின்னால் சொன்னார்.

அன்று மாலை, படிவம் பாதியில் நிற்கிறது என்று என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். காலையில் நான் எழுதியதுதான். மூச்சு முப்பத்தெட்டு, ஆக்சிஜன் எழுபத்தொன்பது. 'பேச்சு' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டது அதுதான் முதல் தடவை. 'ஒரு சொல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். மேஜை அப்படியே இருந்தது, பெஞ்சில் ஆட்கள் அப்படியே இருந்தார்கள். எப்படி வந்தீங்க, யாரு கூட்டிட்டு வந்தாங்க என்று எல்லோரையும் கேட்டேன், விரல் விட்டு எண்ணினேன். நாலு மணிக்கு டீ வந்தது. போன் அடித்தது. திரையில் 'ரேடியோ' என்று வந்தது. அண்ணிதான், அவனுடைய போனிலிருந்து. ஸ்பீக்கரைப் போடாமல் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டேன்.

"இந்நேரம் அவரு உனக்குப் பண்ணுவாரே, அதான்..." என்றார்.

"எப்படி இருக்கீங்க அண்ணி?"

ஒரு அமைதி. கையால் போனைப் பொத்திக்கொண்ட மாதிரி. அழுகையாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான் படிவத்தைத் தள்ளி வைத்தேன்.

"நல்லா இருக்கேன்" என்றார்.

"அது ரெண்டு வார்த்தைதான் அண்ணி. எனக்குப் பத்தாது. காலையில எழுந்ததுலேருந்து என்ன செஞ்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, கேட்டுக்கிட்டே இருக்கேன்."